எண்ணூர் ராஸ்டர் லைப்ரரியைப் பைத்தானுக்குக் கொண்டுவருவது எப்படி

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் காட்டுக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து செயற்கைக்கோள் படங்களையும் உயர மாதிரியையும் (நிலத்தின் உயரத்தைப் பிக்சல் பிக்சலாகத் தரும் தரவு) வைத்து, ஓதம் ஏறும்போது முகத்துவாரத்திலிருந்து தண்ணீர் எங்கெங்கே பரவுகிறது என்று வரைபடம் போடுகிறார்கள். கணக்குப் போடும் ராஸ்டர் (பிக்சல் கட்டங்களாலான படம்) லைப்ரரி சி++ மொழியில் இருக்கிறது. அதை எழுதிய சீனியர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். மற்றவர்களுக்குப் பைத்தான்தான் கைவந்த மொழி. சிடைப்ஸ் (சி லைப்ரரியைக் கூப்பிடப் பைத்தானுடனேயே வரும் மாட்யூல்) வைத்துக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் லேப்டாப்பில் ஓடுகிறது, இன்னொருவர் லேப்டாப்பில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுந்துவிடுகிறது. ஓடுகிற லேப்டாப்பிலும் ஒரு படத்துக்குப் பல நிமிடம் பிடிக்கிறது. "இதைப் பைத்தானிலேயே திரும்ப எழுதிவிடலாமா அக்கா, இல்லை இரண்டு மொழிகளையும் இணைக்க ஸ்விக், பைபைண்ட் என்கிறார்களே, அதில் ஒன்றைப் பிடிக்கலாமா?"

திரும்ப எழுத வேண்டாம் தம்பி. ஆனால் எந்தக் கருவி என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளிவையுங்கள். இரண்டு மொழிகளுக்கு நடுவே ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையை எத்தனை முறை கடக்கிறோம், கடக்கும்போது கையில் இருக்கும் மெமரி யாருடையது, இந்த இரண்டும்தான் விஷயம். உங்கள் லேப்டாப் விழுவதற்கும் மெதுவாக ஓடுவதற்கும் காரணம் இந்த இரண்டிலேயே இருக்கிறது. இதைத் தீர்க்காமல் சிடைப்ஸை விட்டு வேறு கருவிக்குப் போனால் பிழையும் கூடவே வரும்.

நீங்கள் அனுப்பிய ஹெடர் ஃபைலை, அதாவது லைப்ரரியின் ஃபங்ஷன் பட்டியலை, பொறுமையாகப் படித்தேன். நாற்பதுக்கு மேல் ஃபங்ஷன்கள். அவற்றில் பெரும்பாலானவை டிஃப் ஃபைலைத் திறப்பது, அதில் இருக்கும் இட விவரத்தைப் படிப்பது, துண்டு துண்டாக வாசிப்பது, திரும்ப எழுதுவது. உங்கள் சீனியர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் இந்த வேலையை ஜிடால் என்ற லைப்ரரி பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறது. 1998இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கியது அது. டிஃப், ஜேபெக் 2000 என்று ஏகப்பட்ட ஃபார்மட்டுகள் அதற்குத் தெரியும். அதன் மேல் பைத்தான்காரர்களுக்காகவே எழுதிய ராஸ்டெரியோ இருக்கிறது. ஃபைலைத் திறந்து வாசிக்கும் வேலையை அதனிடம் விட்டுவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் ஃபோல்டரில் "எண்ணூர்_வடக்கு" என்று தமிழிலேயே ஃபைல் பெயர்கள் இருக்கின்றன. விண்டோஸில் சி++ மொழியின் சாதாரண ஃபைல் திறக்கும் ஃபங்ஷனுக்கு இந்தப் பெயர் புரியாமல் போகலாம். ஃபைல் இருக்கும், இல்லை என்று சொல்லும். ஜிடால் பெயரை யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறிமுறை) என்றே எடுத்துக்கொள்வதால் அங்கே அந்தத் தொல்லை இல்லை.

மீதியில் நீர்க் குறியீடு ஒன்று. பச்சைப் பட்டையிலிருந்து (பச்சை ஒளியை மட்டும் பதிந்த படம்) அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுப்பது. இரண்டு தேதிகளின் வித்தியாசம் இன்னொன்று. இரண்டும் நம்பை (பைத்தானின் எண் கணக்கு லைப்ரரி) அரேக்களில் ஒரே வரி. இவற்றுக்கும் சி++ தேவையில்லை.

கடைசியில் நிற்பது ஒன்றே ஒன்று. முகத்துவாரத்தில் ஒரு பிக்சலில் தொடங்கி, நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பக்கத்துப் பிக்சலுக்குப் போய், அங்கிருந்து அதன் பக்கத்துக்குப் போய், தொடர்பு இருக்கும் இடம் முழுக்கத் தண்ணீரைப் பரப்பும் ஃபங்ஷன். சுற்றிலும் மேடாக இருந்தால், பள்ளமானாலும் அங்கே தண்ணீர் போகாது என்பதைச் சரியாகப் பிடிக்கிறது. இதுதான் உங்கள் சீனியரின் உண்மையான உழைப்பு. இதை நம்பையில் ஒரே வரியில் எழுத முடியாது, பைத்தான் லூப்பில் எழுதினால் ஆமை வேகம். இது சி++ மொழியிலேயே இருக்கட்டும். ஆக, நாற்பது ஃபங்ஷன்களுக்குப் பைண்டிங் (பைத்தானோடு இணைக்கும் படலம்) எழுத வேண்டியதில்லை, ஒன்றுக்கு எழுதினால் போதும்.

இனி அந்த விழும் லேப்டாப்.

சிடைப்ஸில் ஒரு ஃபங்ஷன் என்ன வகை மதிப்பைத் திருப்பித் தரும் என்று நாம் சொல்லாவிட்டால், அது சாதாரண இன்ட், அதாவது 32 பிட் எண் என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் 'திற' ஃபங்ஷன் திருப்பித் தருவது ஒரு பாயின்டர், அதாவது மெமரி முகவரி. இன்றைய கம்ப்யூட்டர்களில் அது 64 பிட். மேல் பாதி வெட்டுப்பட்டு, கீழ்ப் பாதி மட்டும் உங்கள் கைக்கு வருகிறது. மெமரி முகவரி சின்ன எண்ணாக அமைந்துவிட்ட லேப்டாப்பில் மேல் பாதி எல்லாம் சுழியம், வெட்டினாலும் நஷ்டமில்லை, பிழைத்துக்கொள்ளும். இன்னொன்றில் முகவரி பெரிய எண். வெட்டுப்பட்ட முகவரியோடு போய் யாருடையதோ ஆன இடத்தைத் தொடுகிறது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் வெளியே தள்ளிவிடுகிறது. திரும்பும் வகையைச் சொல்லும் 'ரெஸ்டைப்' என்ற சொல் உங்கள் கோடில் ஓரிடத்திலும் இல்லை. காரணம் இதுதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்வேன். உறுதிப்படுத்திக்கொள்ள, பைத்தானுடனேயே வரும் ஃபால்ட்ஹேண்ட்லர் மாட்யூலை ஆன் செய்துவிட்டு ஓட்டுங்கள். விழும்போது பைத்தான் எந்த வரியில் நின்றது என்று காட்டிவிட்டு விழும். இந்த ஒரு சின்ன மாட்யூல் எனக்கு எத்தனையோ இரவுகளைத் திருப்பித் தந்திருக்கிறது.

வகைகளைச் சரியாகச் சொல்லிவிட்டால் இந்த விபத்து நிற்கும். ஆனால் அடுத்தது காத்திருக்கிறது: மெமரி யாருடையது?

பைத்தானில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே புதிதாக இருக்கும். அங்கே ஒரு பொருளை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அது தானாகப் போய்விடும். சி++ பக்கம் அப்படியில்லை, யார் உருவாக்கினார்களோ, அல்லது யார் பொறுப்பு ஏற்றார்களோ, அவர்கள்தான் விடுவிக்க வேண்டும். இரண்டு பேரும் விடுவித்தால் விழும். இரண்டு பேரும் விடுவிக்காவிட்டால் மெமரி நிரம்பிக்கொண்டே போகும். ஒருவர் விடுவித்த பிறகு இன்னொருவர் தொட்டால், சில நாள் ஓடும், சில நாள் தவறான எண் வரும், சில நாள் விழும். மூன்றில் இந்தக் கடைசி வகைதான் மோசம், ஏனென்றால் தவறான எண் வரைபடமாகிப் பார்ப்பவர் கைக்குப் போய்விடுகிறது.

ஜிடாலிலேயே இதற்குப் பேர்போன உதாரணம் இருக்கிறது. டேட்டாசெட் என்பது திறந்த ஃபைல், பேண்ட் என்பது அதற்குள் இருக்கும் ஒரு பட்டை. பட்டை டேட்டாசெட்டுக்குச் சொந்தமானது. பைத்தானில் ஒருவர் ஃபைலைத் திறந்து, பட்டையை மட்டும் ஒரு பெயரில் வைத்துக்கொண்டு, டேட்டாசெட்டை விட்டுவிடுகிறார் என்று வையுங்கள். பைத்தான் டேட்டாசெட்டை அழித்துவிடும், கையில் இருக்கும் பட்டை செல்லாததாகிவிடும். வீட்டை இடித்த பிறகு ஓர் அறையின் சாவி மட்டும் கையில் இருக்கிற மாதிரி. பட்டையைத் தொட்டால் புரோகிராம் விழக்கூடும். இதில் பைத்தான்காரர் எழுதிய கோடில் பார்வைக்கு ஒரு குற்றமும் இருக்காது, அதனால்தான் புதிதாக வருபவர்கள் திகைத்துப்போகிறார்கள். ஜிடால்காரர்கள் இதைத் தங்கள் ஆவணத்திலேயே கவனிக்க வேண்டிய விஷயமாக எழுதிவைத்திருக்கிறார்கள். ராஸ்டெரியோ இதற்கு வேறு வழி எடுத்தது. 'வித்' என்று தொடங்கும் கட்டத்துக்குள் ஃபைலைத் திறக்கச் சொல்கிறது, கட்டம் முடிந்தால் ஃபைல் மூடப்படும், வாசித்தது உங்கள் கையில் தனி நம்பை அரேயாக நிற்கும். ஃபைலோடு அதற்கு எந்த ஒட்டும் இல்லை.

உங்கள் பரப்பும் ஃபங்ஷன் இப்போது என்ன செய்கிறது? உள்ளேயே விடைக்கு மெமரி ஒதுக்கி, அதன் பாயின்டரைத் திருப்பித் தருகிறது. அதை யார் விடுவிப்பது என்று ஹெடரில் எங்கும் இல்லை. பைத்தான் பக்கம் ஒருவரும் விடுவிக்கவும் இல்லை. நூறு நீர்மட்டங்களுக்கு லூப் போட்டு ஓட்டினால் மெமரி ஏறிக்கொண்டே போகும்.

காசிமேட்டில் விடியற்காலையில் மீன் வாங்கப் போகிறவர்கள் ஐஸ் பெட்டியைக் கையோடு எடுத்துப் போவார்கள். ஏலம் முடிந்ததும் மீன் அந்தப் பெட்டிக்குள் விழும், பெட்டி யாருடையது என்ற பேச்சே வராது. உங்கள் ஃபங்ஷனையும் அப்படி மாற்றுங்கள். விடை எழுதும் இடத்தைக் கூப்பிடுபவரே தரட்டும். பைத்தான் பக்கம் ஒரு காலி நம்பை அரே உருவாக்குங்கள். அதைச் சி++ நிரப்பட்டும், நிரப்பிவிட்டுத் திரும்பட்டும். உருவாக்கியதும் பைத்தான், அழிப்பதும் பைத்தான். சி++ அந்த இடத்தைக் கூப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தொடுகிறது, பாயின்டரை எங்கும் சேமித்து வைக்காது. ஜிடாலின் 'ராஸ்டர்ஐஓ' ஃபங்ஷனும் இதே முறைதான், எழுத வேண்டிய இடத்தைக் கூப்பிடுபவரே தருகிறார்.

அதனால் ஃபங்ஷன் வாங்க வேண்டியது இவ்வளவுதான்: உயரங்களின் அரே (32 பிட் ஃப்ளோட்), விடை அரே (8 பிட்), தொடங்கும் இடத்தின் வரிசை எண்ணும் பத்தி எண்ணும், நீர்மட்டம். இதோடு ஒன்று சேர்க்கச் சொல்கிறேன், தரவு இல்லாத இடத்தைக் குறிக்கும் எண். இது இப்போது உங்கள் ஃபங்ஷனில் இல்லை, இல்லாதது பெரிய ஆபத்து. எஸ்ஆர்டிஎம் உயர மாதிரியில் தரவு இல்லாத பிக்சலில் மைனஸ் 32768 என்று இருக்கும். உங்கள் கணக்கு "உயரம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா" என்று மட்டும் கேட்கிறது. மைனஸ் 32768 எந்த நீர்மட்டத்துக்கும் கீழேதான். தண்ணீர் அந்த ஓட்டை வழியாக இறங்கி அந்தப் பக்கம் ஏறி, போகவே வழியில்லாத இடத்துக்கெல்லாம் போய்விடும். சுலபமான வழி, பைத்தான் பக்கமே அவற்றை 'நான்' (NaN, 'எண் அல்ல' என்ற குறி) மதிப்பாக மாற்றிவிடுவது. 'நான்' எந்த எண்ணைவிடச் சிறியதா என்று கேட்டாலும் பொய் என்றே விடை வரும், அதனால் அது சுவர் போல நிற்கும். ஆனால் கம்பைல் செய்யும்போது வேகக் கணித (ஃபாஸ்ட்-மேத்) ஆப்ஷன் போட்டிருந்தால் இந்த உத்தரவாதம் போய்விடும், அதை எடுத்துவிடுங்கள்.

உயர மாதிரி பற்றி ஒரு வார்த்தை, கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து 11 நாளில் எடுத்தது, உயரம் முழு மீட்டரில். நம் கடற்கரையில் பெரிய ஓதத்திலும் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். கட்டடமும் மரமும்கூட அந்த உயரத்தில் சேர்ந்திருக்கும். எண்ணூர் போன்ற தாழ்ந்த இடத்தில் அதை மட்டும் நம்பி, இந்தத் தெருவில் தண்ணீர் வரும், அந்தத் தெருவில் வராது என்று சொல்லக் கூடாது. லைப்ரரியை ஓடவைத்துப் பார்க்க அது போதும், ஊருக்குக் காட்டும் வரைபடத்துக்குப் போதாது.

வேகத்துக்கு வருவோம். உங்கள் கோடு ஒரு பிக்சலின் மதிப்பை எடுக்க ஒரு முறை சி++ பக்கம் போய் வருகிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில், ஒரு பிக்சல் 10 மீட்டராக உள்ள பட்டை ஒன்று 10,980 பத்தி, 10,980 வரிசை. பெருக்கினால் 12 கோடிக்கும் கொஞ்சம் மேல். ஒரு முறை எல்லை கடந்து வர ஒரு மைக்ரோ விநாடி என்று குறைத்தே வைத்தாலும், ஒரு பட்டைக்கு 2 நிமிடம் போக்குவரத்திலேயே போய்விடும். உள்ளே நடக்கும் கணக்கு இதில் சேரவில்லை. இதையே 512க்கு 512 கட்டமாக வாசித்தால் ஒரு பட்டைக்கு 22 பெருக்கல் 22, மொத்தம் 484 முறைதான் போய் வருவீர்கள். ஓரக் கட்டங்கள் முழுதாக இருக்காது என்பதை மறக்காதீர்கள். 21 கட்டம் போக மிச்சம் 228 பிக்சல்தான். 512 என்றே நினைத்து எழுதினால் அடுத்தவர் மெமரியில் எழுதிவிடும்.

உங்களுக்கு அதுகூட வேண்டாம். காசிமேட்டிலிருந்து காட்டுப்பள்ளி வரை வடக்குத் தெற்காக சுமார் 20 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 10 கிலோமீட்டர் எடுத்தால் போதும் அல்லவா? அது 2,000 வரிசை, 1,000 பத்தி. 20 லட்சம் பிக்சல், 32 பிட் ஃப்ளோட்டில் 80 லட்சம் பைட். போனில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோ அளவு. அந்தச் சன்னலை மட்டும் ராஸ்டெரியோவில் வாசித்து, முழு அரேயையும் ஒரே முறையில் பரப்பும் ஃபங்ஷனிடம் கொடுங்கள். பரப்பும் கணக்கைக் கட்டம் கட்டமாகச் செய்வதும் சிரமம், ஒரு கட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் நின்றால் அடுத்த கட்டத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒரு நீர்மட்டத்துக்கு எல்லையை ஒரே ஒரு முறை கடக்கிறீர்கள்.

சரி, இப்போது கருவி.

ஸ்விக் பழையது. டேவிட் பீஸ்லி 1995இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்தபோது தொடங்கியது. ஹெடரைப் படித்துப் பல மொழிகளுக்கு ஒரே நேரத்தில் பைண்டிங் உண்டாக்கித் தரும். ஜிடால் அதைத்தான் எடுத்துக்கொண்டது, ஏனென்றால் அவர்களுக்குப் பைத்தான் மட்டுமல்ல, ஜாவா, சி ஷார்ப் எல்லாம் வேண்டும். ஒரு மொழி மட்டும் வேண்டும் என்பவருக்கு அதன் இன்டர்ஃபேஸ் ஃபைல் எழுதக் கற்பது அதிக வேலை, வரும் பைத்தான் முகமும் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். சைதன் நல்லது, ராஸ்டெரியோ அதில்தான் எழுதப்பட்டது. பைத்தான் போலவே இருக்கும் ஒரு மொழியில் நடுப் படலத்தை எழுத வேண்டும். பைத்தான் முகத்தை நிறைய மெருகேற்ற நினைத்தால் அதைச் சொல்வேன். சிடைப்ஸுக்குக் கம்பைல் எதுவும் தேவையில்லை, ஆனால் வகைகளை நாமே பார்த்துச் சரியாகச் சொல்ல வேண்டும், தவறினால் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். சி++ கிளாஸை அது நேரடியாகக் கூப்பிடவும் முடியாது. சி++ கம்பைலர் ஃபங்ஷன் பெயரோடு அதன் வகைகளையும் முடிச்சுப் போட்டு வேறு பெயராக மாற்றிவிடும், 'எக்ஸ்டெர்ன் சி' என்று எழுதினால்தான் பெயர் அப்படியே வெளியே தெரியும். ஜிடால் உள்ளே சி++ மொழியில் இருந்தாலும் வெளியே சி முகம் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களுக்குப் பைபைண்ட்11. தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஹெடர் ஃபைல்கள் மட்டுமே, தனியாக எதையும் கம்பைல் செய்து வைக்க வேண்டாம். நம்பை அரேயை அதற்குத் தெரியும், சி++ எக்ஸப்ஷன் எழுந்தால் அதைப் பைத்தான் எக்ஸப்ஷனாக மாற்றித் தரும். ஒரு ஃபங்ஷனுக்கு இருபது முப்பது வரிக்குள் முடிந்துவிடும்.

ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது, கண்ணைக் கட்டிக்கொண்டு விழுகிற குழி. நீங்கள் சி++ பக்கம் 8 பிட் அரே வேண்டும் என்று எழுதி, பைத்தான் பக்கம் தவறுதலாக 64 பிட் அரேயைக் கொடுத்தால் பைபைண்ட் கோபப்படாது. தானே 8 பிட்டில் ஒரு நகல் எடுத்து அதைக் கொடுக்கும். உள்ளே போகும் தரவுக்கு அது சௌகரியம். நிரப்பித் தர வேண்டிய விடை அரேக்கு? சி++ நகலை நிரப்பும், நகல் தூக்கி எறியப்படும், உங்கள் அரே காலியாகவே நிற்கும். எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, தண்ணீரே பரவாத எண்ணூர் மட்டும் திரையில் தெரியும். அதனால் விடை அரேக்கு 'நோகன்வெர்ட்' என்று கட்டாயம் எழுதுங்கள், வகை பொருந்தாவிட்டால் எர்ரர் வரும். அரே தொடர்ச்சியாக மெமரியில் இருக்கிறதா என்றும் உள்ளே சோதியுங்கள். நம்பையில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தாலோ, வரிசையைப் பத்தியாகத் திருப்பினாலோ தரவு நகராது, பார்க்கும் விதம்தான் மாறும். அதன் பாயின்டரை எடுத்து அடுத்தடுத்து வாசித்தால் வேறு பிக்சல்கள் வரும்.

எர்ரரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜிடாலின் சொந்தப் பைத்தான் பைண்டிங்கில், நாம் கேட்டுக்கொண்டால்தான் எக்ஸப்ஷன் வரும் என்பதே நெடுநாள் வழக்கம். கேட்காவிட்டால் ஃபைல் திறக்காதபோது 'நன்' என்று ஒன்றுமில்லாததைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். பத்து வரி தள்ளி வேறு ஏதோ காரணம் சொல்லி விழும். உங்கள் ஃபங்ஷனில் இப்போது தவறு நடந்தால் மைனஸ் 1 திருப்பித் தருகிறீர்கள், பைத்தான் பக்கம் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. தொடங்கும் பிக்சல் படத்துக்கு வெளியே இருந்தால் எக்ஸப்ஷன் எழுப்புங்கள். சிடைப்ஸிலேயே தொடர்வதாக இருந்தால் மட்டும் எக்ஸப்ஷன் சி முகத்தைத் தாண்டி வெளியே வராமல் உள்ளேயே பிடித்துவிட வேண்டும், தாண்டினால் புரோகிராம் மொத்தமும் நிற்கும்.

சி++ கணக்கைப் பைத்தானுக்கு மாற்றும்போது விடை மாறும் இடம் ஒன்று இருக்கிறது, இதை இரண்டு முறை படியுங்கள். சென்டினல் படம் 16 பிட், மைனஸ் இல்லாத எண்கள். அலையாத்திச் செடி நிற்கும் இடத்தில் பச்சை 1500, அகச்சிவப்பு 3500 என்று வைத்துக்கொள்வோம். சி++ மொழியில் கழித்தால் மைனஸ் 2000 வரும், ஏனென்றால் சின்ன எண்களைக் கழிக்கும் முன் அது தானாகவே பெரிய இன்ட்டாக மாற்றிக்கொள்ளும். நம்பை அரேயில் அதே கழித்தல் 16 பிட்டுக்குள்ளேயே நடக்கும், மைனஸுக்கு இடமில்லாததால் சுற்றிக்கொண்டு 63536 வரும். குறியீடு பெரிய எண்ணாகி, அலையாத்திக் காடு முழுக்கத் தண்ணீர் என்று வரைபடம் சொல்லும். சூத்திரம் ஒன்றே, எழுத்துக்கு எழுத்து ஒன்றே. வாசித்தவுடன் 32 பிட் ஃப்ளோட்டாக மாற்றிவிடுங்கள். அப்புறம், 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 எண்களில் 1000 கூட்டித் தருகிறார்கள், அதைக் கழித்துவிட்டுத்தான் குறியீடு போட வேண்டும். உங்கள் சீனியரின் கோடு அதற்கு முன்பு எழுதியது, அதில் இந்தக் கழித்தல் இல்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடும் உங்கள் வேலையில் இதை விட்டால் இல்லாத மாற்றம் இருப்பதாகத் தெரியும்.

வரிசையும் பத்தியும். ஜிடால் எக்ஸ் முதலில், ஒய் பிறகு என்று கேட்கும். நம்பை வரிசை முதலில், பத்தி பிறகு என்று வைக்கும். வரிசை என்பது ஒய். எல்லையில் இதை மாற்ற மறந்தால் படம் மூலைவிட்டத்தில் கவிழ்ந்துவிடும். சென்டினல் படம் சதுரமாக இருப்பதால் அளவு பொருந்திவிடும், எர்ரர் வராது, தவறு மறைந்தே கிடக்கும். அதனால் சோதிக்கும்போது சதுரமில்லாத அரேயை வைத்தே சோதியுங்கள். 3 வரிசை, 5 பத்தி, கையால் எழுதிய உயரங்கள், விடையும் கையால் எழுதியது. ஒரு சோதனையில் நடுவே 'நான்' சுவர், ஒன்றில் தொடங்கும் பிக்சல் கடைசிப் பத்தியில், ஒன்றில் நீர்மட்டம் எல்லா உயரத்துக்கும் கீழே. இந்த மூன்றும் தேறினால்தான் கழிமுகத்துக்குப் போக வேண்டும்.

அட்சரேகை தீர்க்கரேகை விஷயத்தில் நானே ஒரு நாள் முழுக்கத் தவித்திருக்கிறேன். 2019இல் ஜிடால் 3 வந்தபோது, 4326 என்ற எண்ணுள்ள அட்சரேகை-தீர்க்கரேகை முறைக்கு அட்சரேகை முதலில் என்று மாற்றினார்கள். அந்த முறையின் வரையறையே அப்படித்தான், முன்பு ஜிடால் கண்டுகொள்ளாமல் இருந்தது. தண்டையார்பேட்டையில் என் மேஜையில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்கிரிப்ட் தீர்க்கரேகையை முதலில் கொடுத்துக்கொண்டிருந்தது. எண்ணூர் சுமார் 13.2 வடக்கு, 80.3 கிழக்கு. திருப்பிப் போட்டால் 80.3 வடக்கு, 13.2 கிழக்கு, ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடல். வெட்டிய படம் வெறுமையாக வந்தது. முகத்துவாரப் பிக்சலை நீங்கள் அட்சரேகை தீர்க்கரேகையில் கொடுக்கப்போவதால் இதைச் சொல்கிறேன். மாற்றும் கருவியிடம் எப்போதும் எக்ஸ் முதலில் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அந்த மாற்றம் பைத்தான் பக்கமே நடக்கட்டும், சி++ ஃபங்ஷனுக்கு வரிசை எண்ணும் பத்தி எண்ணும் மட்டும் தெரிந்தால் போதும். உங்கள் படங்கள் யுடிஎம் 44 வடக்கு என்ற, மீட்டரில் அளக்கும் ஆயத்தொலை முறையில் இருக்கும்.

நூறு நீர்மட்டங்களை ஒரே நேரத்தில் பல த்ரெட்டில் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஓட்ட நினைத்தால், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பைத்தானின் ஜில் என்ற பூட்டைச் சி++ கணக்கு தொடங்கும் முன் விடுவியுங்கள், பைபைண்டில் அது ஒரே வரி. விடுவித்த பிறகு பைத்தான் பொருள் எதையும் தொடக்கூடாது, முன்பே எடுத்துவைத்த பாயின்டர்களை மட்டும் தொடலாம். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி விடை அரே. திறந்த ராஸ்டெரியோ ஃபைலை த்ரெட்டுகளுக்கு நடுவே பகிராதீர்கள்.

கடைசியாக, இதை எல்லா நண்பர்களின் லேப்டாப்பிலும் போடுவது. கோடு எழுதுவதைவிட இங்கேதான் பலர் களைத்துப்போகிறார்கள். உங்கள் பரப்பும் ஃபங்ஷன் இப்போது ஜிடாலைத் தொடுவதே இல்லை, வெறும் அரே மட்டும்தான். அதனால் கம்பைல் செய்ய ஜிடால் ஹெடர் வேண்டாம், வெர்ஷன் பொருத்தமும் வேண்டாம். ஒவ்வொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் பைத்தான் வெர்ஷனுக்கும் ஒரு வீல் ஃபைல் (முன்பே கம்பைல் செய்த பொதி) கட்டிவையுங்கள், மற்றவர்கள் பைத்தானின் பிப் கருவி மூலம் போட்டுக்கொள்ளலாம், அவர்களுக்குக் கம்பைலரே தேவையில்லை. ராஸ்டெரியோவின் வீலில் ஜிடால் உள்ளேயே வரும். அதே சூழலில் ஜிடாலின் சொந்தப் பைண்டிங்கையும் தனியாகப் போடாதீர்கள், இரண்டு ஜிடால் ஒரே புரோகிராமில் ஏறினால் ஒன்றின் ப்ராஜ் (ஆயத்தொலைகளை மாற்றும் லைப்ரரி) தரவுத்தளத்தை இன்னொன்று எடுத்துக்கொண்டு, ஆயத்தொலை முறையே தெரியாது என்று சொல்லும். இரண்டும் வேண்டும் என்றால் கோண்டா-ஃபோர்ஜ் என்ற பொதிக் களஞ்சியத்திலிருந்து எடுங்கள், அங்கே எல்லாம் ஒரே ஜிடாலைப் பகிர்ந்துகொள்ளும். விண்டோஸ் லேப்டாப் ஒன்றில் மட்டும் அந்த எர்ரர் வந்தால், வேறு ஏதாவது மென்பொருள் 'ப்ராஜ் லிப்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளைத் தன் ஃபோல்டருக்குத் திருப்பிவைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதலில் அந்த 3க்கு 5 சோதனையை எழுதி, புதிய ஃபங்ஷனின் ஹெடரோடு அனுப்புங்கள் தம்பி. சீனியரின் பழைய லைப்ரரியை அழித்துவிடாதீர்கள். 2022க்கு முந்தைய ஒரு படத்தை அதிலும் புதியதிலும் ஓட்டி, பிக்சல் பிக்சலாக ஒப்பிட வேண்டியிருக்கும். வித்தியாசம் வரும் பிக்சல்களைத் தனி நிறத்தில் காட்டுங்கள். அந்த இடங்களில் எது சரி என்று முகத்துவாரக்குப்பத்துப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.